சர்வே எடுக்க வந்த பையனிடம் அம்மா ஏன் பொய் சொன்னார்?

பாமணியாறு எழுதியது:

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்தான். கருத்துக்கணிப்பாம். அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார், நான் உள்ளே லேப்டாப்பில் வேலையாக இருந்தேன், அம்மா திண்ணையில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முப்பது கேள்விக்குக் குறையாது. பஸ்ஸில் காசு கொடுக்காமல் போகிறீர்களா, மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதா, கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்குகிறதா, எம்.எல்.ஏ. ஊர்ப்பக்கம் வந்தாரா, என்ன சாதி, என்ன வயது, எல்லாம் கேட்டு முடித்து அப்புறம்தான் யாருக்கு ஓட்டு என்று கேட்டான்.

அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு கட்சியின் பேரைச் சொன்னார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கட்சிக்கு அவர் ஓட்டுப் போட்டதே இல்லை. பையன் மோர் குடித்துவிட்டுப் போனதும் ஏம்மா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "யாரு அனுப்பிச்ச ஆளுன்னு தெரியுமா உனக்கு? நாளைக்கு நம்ம பேரை எதுலயாவது எழுதி வச்சிக்கிட்டான்னா? அதுக்காக வெயில்ல வந்த புள்ளையை ஒண்ணும் சொல்லாம அனுப்ப முடியுமா" என்றார்.

என் சந்தேகம் இதுதான். எங்கள் தெருவில் அவன் ஏறியது மூன்றே வீடு. தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டு, அதிலும் எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் சொல்வதை நம்பி, தமிழ்நாட்டில் யார் ஆட்சி என்று எப்படிச் சொல்கிறார்கள்? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சும்மா திட்டுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஓடம்போக்கி எழுதியது:

திட்டுகிற ஆள் நான்தான், முதலில் வந்துவிட்டேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கடைசி ஓட்டுப்பதிவு நாளான ஜூன் 1 சாயங்காலம் ஆறரைக்கு டிவியைப் போட்டால், தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு ஒருவர் 350 என்கிறார், இன்னொருவர் 400 என்கிறார். மூன்று நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் கூட்டணிக்கு 293, பா.ஜ.க.வுக்குத் தனியாக 240. தமிழ்நாட்டில் அவர்களுக்குச் சில இடங்கள் உண்டு என்று பல பேர் சொன்னார்கள், 39-ம் தி.மு.க. கூட்டணிக்குப் போனது. 2004-ல் வாஜ்பாய்தான் திரும்ப வருவார் என்றார்கள், அதுவும் பொய்த்துப் போனது. காசு கொடுக்கிறவனுக்குத் தகுந்த மாதிரி எண் வரும். அம்மா சொன்ன பொய் அந்தப் பொய்யில் கடுகளவு.

முன்னாள் டேப்லெட் எழுதியது:

உள்ளே இருந்தவன் என்று சொல்லிக்கொள்ளலாமா தெரியவில்லை, வாசல்படி வரைக்கும் போனவன். 2016-ல் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நிறுவனத்துக்காகப் பன்னிரண்டு நாள் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வீடு வீடாக ஏறினேன். பெயர் வேண்டாம்.

தஞ்சாவூரில் ஒரு லாட்ஜ் ஹாலில் அரை நாள் பயிற்சி. சொல்லிக்கொடுத்தது சரியான முறைதான். வாக்காளர் பட்டியலில் பூத் பூத்தாகப் பொறுக்கி எடுத்திருப்பார்கள். ஒரு பூத்தில் ஆயிரம் பேர், நமக்கு வேண்டியது இருபது பேர் என்றால், ஏதோ ஓர் எண்ணில் ஆரம்பித்து ஐம்பது ஐம்பதாகத் தாண்டி வரும் ஆட்களைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கிற யாரையாவது கேட்டுவிட்டு வரக்கூடாது, பட்டியலில் பேர் இருக்கிற அந்த ஆளையே கேட்க வேண்டும். பாமணியாறு, உங்கள் தெருவில் மூன்றே வீடு ஏறினான் என்றீர்களே, அவன் சோம்பேறி என்று அர்த்தமில்லை. முறையாகச் செய்தால் அப்படித்தான் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்டானா, இல்லை "வீட்ல யாரு இருக்கீங்க" என்று கேட்டானா? அதைப் பொறுத்துத்தான் அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று சொல்ல முடியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பட்டியலில் வரிசை எண் 451 ஒரு இருபத்தாறு வயதுப் பையன். அவன் திருப்பூரில். 501 சிங்கப்பூரில். 551 செத்து இரண்டு வருஷம் ஆகிறது. 601 ஒரு பெண், நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருக்கிறார், சாயங்காலம் வாங்க என்கிறார்கள். சாயங்காலம் நான் அடுத்த ஊரில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு நாளைக்கு 25 படிவம் காட்டினால்தான் சம்பளம். அப்போது என்ன செய்வான் மனுஷன்? பக்கத்து வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிற பெரியவரைக் கேட்டுவிட்டு 601 என்று போட்டுக்கொள்வான். பகல் பதினோரு மணிக்கு டெல்டாவில் வீட்டோடு இருப்பவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். கூட வந்த இரண்டு பேர் அதுவும் செய்யாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு படிவத்தைத் தாங்களே டிக் அடித்ததையும் பார்த்தேன். அப்போது காகிதப் படிவம்தான். இப்போது டேப்லெட்டில் இடம் பதிவாகிறது, பேச்சு பதிவாகிறது, நாற்பது வினாடியில் ஒரு படிவம் முடிந்தால் ஆபீஸில் தெரிந்துவிடுமாம். அதனால் டீக்கடை வேலை குறைந்திருக்கும், திண்ணைப் பெரியவர் குறைந்திருக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று. ஊருக்குள் நுழைந்து வீட்டு எண்ணைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, இன்னார் மகன் இன்னார் வீடு என்றுதான் கேட்க வேண்டும். கேட்டதும் ஒருத்தர் கூடவே வருவார். வெள்ளை வேட்டி, ஏதோ ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். அவர் பக்கத்தில் நிற்கும்போது யார் வாய் திறப்பார்கள்? மதகைத் தாண்டி காலனிக்குப் போனால் அதுவும் நடக்காது, அந்தப் பக்கம் எதுக்கு சார், அவங்க எல்லாம் எங்களுக்குத்தான் என்று அவரே பதில் சொல்லிவிடுவார். பாதிப் பேர் அதோடு திரும்பிவிடுவார்கள். திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர் மாதிரி தனித்தொகுதிகளில் காலனிக்குள் போகாமல் எடுத்த சர்வே எதற்கு உதவும்? நான் போனேன். ஒரு ஆயா "எல்லாருக்குந்தான் தம்பி போடுவோம்" என்று சிரித்தது. இன்னொரு ஆயா "எங்க வீட்டுக்காரரு இருந்த காலத்துலேர்ந்து ஒரே சின்னந்தான்" என்றது. எந்தச் சின்னம் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. படிவத்தில் 'பதில் சொல்லவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக்.

ஒரு வேடிக்கை. நாங்கள் மூன்று நாள் மாடு மாதிரி அலைந்து எடுத்த தஞ்சாவூர் தொகுதிக்கு அந்த மே மாதம் தேர்தலே நடக்கவில்லை. பணப் பட்டுவாடா என்று அதையும் அரவக்குறிச்சியையும் தேர்தல் ஆணையம் தள்ளிப்போட்டு, நவம்பரில்தான் நடத்தியது.

வெட்டாறு எழுதியது:

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தம்பி டேப்லெட் எழுதியதற்குப் பின்னால் நான் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் பாமணியாறு கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: இரண்டு லட்சம் பேருக்குக் கொஞ்சம் பேரைக் கேட்டால் போதுமா?

கொள்முதல் நிலையத்தில் குத்தூசி பார்த்திருப்பீர்கள். மூட்டையில் ஒரு குத்து, கைப்பிடி நெல் வரும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூட்டை பெரியது என்பதற்காக அரை மூட்டையைக் கொட்டிப் பார்ப்பதில்லை. ஆயிரம் பேரைச் சரியாகப் பொறுக்கினால் பிழை ஏறக்குறைய மூன்று சதவீதம் இப்படியோ அப்படியோ. அது ஒரு தொகுதியின் இரண்டு லட்சத்துக்கும் அதேதான், மாநிலத்தின் ஆறு கோடிக்கும் அதேதான். நானூறு பேர் என்றால் ஐந்து. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேண்டும், அதனால்தான் யாரும் செலவு செய்வதில்லை. ஆனால் காய்ந்த நெல்லை மேலே போட்டு ஈர நெல்லை அடியில் வைத்த மூட்டையில், மேல்பக்கமாகவே நூறு தடவை குத்தினாலும் தப்புத்தான் வரும். தம்பி சொன்ன மதகுக்கு அந்தப் பக்கம் அடி நெல்.

1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை இதைத்தான் செய்தது. ஒரு கோடி பேருக்குத் தபாலில் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. அனுப்பியதோ டெலிபோன் வைத்திருப்பவர், கார் வைத்திருப்பவர் பட்டியலைப் பார்த்து. பஞ்சம் பிழைத்துக்கொண்டிருந்த காலம், டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்கள் எல்லாம் வசதியான ஊர்த்தெரு ஆட்கள். வெறும் ஐம்பதாயிரம் பேர் அளவில் கேட்ட கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சரியாகச் சொன்னார். ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார்.

ஓடம்போக்கி, காசு வாங்கி எழுதுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காசு வாங்காதவனும் தோற்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். 2016-ல் அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. கூட்டணிக்கும் மாநில அளவில் ஓட்டு வித்தியாசம் ஏறக்குறைய ஒரே சதவீதம். இடம் எத்தனை? தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் நீங்கலாக 134-க்கு 98. ஒரு சதவீதம் எந்த சர்வேயின் பிழைக்குள்ளும் அடங்கிப் போகும், அதை வைத்துக்கொண்டு யார் ஆட்சி என்று எப்படிச் சொல்வது? பல பேர் தி.மு.க. என்றார்கள், சொற்பமானவர்கள் அ.தி.மு.க. என்றார்கள். சரியாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் அறிவால் சொன்னார்கள், எத்தனை பேர் அதிர்ஷ்டத்தால் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஓட்டு சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதி மானம் தப்பும். ஆனால் டிவிக்காரருக்கு இட எண்ணிக்கைதான் வேண்டும்.

ஆகவே டிவியில் எண் வரும்போது எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதோடு, எந்தத் தேதியில், நேரிலா போனிலா, எப்படிப் பொறுக்கினார்கள் என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் சேனலை மாற்றிவிடுவேன் நான். டெல்லியில் லோக்நீதி என்று சி.எஸ்.டி.எஸ். அமைப்பின் பிரிவு ஒன்று இருக்கிறது, அவர்கள் ஓட்டு யாருக்கு என்ற கேள்வியை மட்டும் வாயால் கேட்காமல் ஒரு மாதிரி ஓட்டுச்சீட்டைக் கையில் கொடுத்து, மறைவாகக் குத்திப் பெட்டியில் போடச் சொல்வார்கள். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு சீட்டைக் கொடுத்திருந்தால் உண்மையைக் குத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஓடம்போக்கி எழுதியது:

சரி ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஊர் டீக்கடையில் "ஜெயிக்கிறவனுக்கே போடுவோம்" என்று நாலு பேர் மாறுகிறான், அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வெட்டாறு எழுதியது:

மாறுகிறார்களா என்பது நிரூபிக்கக் கஷ்டமான விஷயம், தோற்கப்போகிறவர் பாவம் என்று எதிர்ப்பக்கம் மாறுகிறவரும் உண்டு. சட்டம் அந்தப் பயத்தில்தான் இருக்கிறது. ஓட்டுப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் டிவி மாதிரி மின்னணு ஊடகங்களில் கருத்துக்கணிப்பு வெளியிடக்கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவின்படி, முதல் கட்டம் தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போலும், அதாவது ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களைக் கேட்டு எடுக்கும் கணிப்பும் கூடாது, மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை. ஜூன் 1 அன்று நீங்கள் ஆறரை வரை காத்திருந்தது அதனால்தான்.

பாமணியாறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டேப்லெட் அண்ணே, அம்மாவிடம் கேட்டேன், "வீட்ல யாரும்மா இருக்கீங்க" என்றுதான் கேட்டானாம். கிளம்பும்போது போன் நம்பர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், அம்மா அப்பா நம்பரைக் கொடுத்திருக்கிறார். அது எதற்கு, கொடுத்தது தப்பா?

முன்னாள் டேப்லெட் எழுதியது:

நம்பர் வாங்குவது வழக்கம்தான். நிஜமாகவே வீட்டுக்கு வந்தானா என்று ஆபீஸிலிருந்து சில பேருக்குத் திரும்ப அழைத்துக் கேட்பார்கள், பேக் செக் என்போம். ஆதார் எண், வாக்காளர் அட்டையைப் போட்டோ எடுப்பது, வங்கிக் கணக்கு இதெல்லாம் கேட்டால் மட்டும் திண்ணையிலிருந்தே அனுப்பிவிடுங்கள், அது கருத்துக்கணிப்பு இல்லை. கட்சிகளே தங்களுக்காக எடுக்கிற சர்வேயும் நிறைய நடக்கிறது, யாருக்கு சீட்டுக் கொடுக்கலாம், எந்த எம்.எல்.ஏ. மேல் கோபம் என்று பார்ப்பதற்கு. அது டிவிக்கு வராது. எம்.எல்.ஏ. வந்தாரா என்று அத்தனை கேட்டான் என்றால் இது அந்த வகையாகவும் இருக்கலாம்.

பாமணியாறு எழுதியது:

நேற்று சாயங்காலம் அந்த அழைப்பு வந்தேவிட்டது. அப்பா எடுத்தார். ஒரு பெண் குரல், அம்மா பேரைச் சொல்லி, எங்கள் ஆள் வந்தாரா, எத்தனை நிமிஷம் பேசினார், யாருக்கு வாக்களிப்பதாகச் சொன்னீர்கள் என்று கேட்டது. அம்மா அடுப்படியில் இருந்தார். அப்பா போனைக் கொடுக்கவே இல்லை, "நான் அவங்க வீட்டுக்காரர்தான் பேசுறேன், எங்க வீட்ல எல்லா ஓட்டும் ஒண்ணுதான்" என்று தன் கட்சியின் பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது அம்மா பையனிடம் சொன்ன கட்சியும் இல்லை, அம்மா வழக்கமாகப் போடுகிற கட்சியும் இல்லை. உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் அம்மா, ஒன்றும் பேசவில்லை, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.