பன்னிரண்டு மாற்று ஆவணங்கள் தேவையா? வாக்காளர் அட்டை மட்டும் போதாதா?

கெடிலக்கரை:
என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். பூத்தில் வாக்காளர் அட்டை ஒன்றுதான் செல்லும் என்று ஆக்க வேண்டும். இப்போது அட்டை இல்லாதவருக்கு ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலைய பாஸ்புக், ஓய்வூதிய ஆவணம் என்று 12 மாற்று வழிகள். 2024 மக்களவைத் தேர்தலில் நடந்தது இந்தக் கணக்குதான். பாஸ்புக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பசை தடவி ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் படம், அதன் மேல் பாதி விழுந்த ரப்பர் ஸ்டாம்ப். மை மங்கிவிட்டால் படத்தைப் பிரித்து வேறு ஒன்றை ஒட்டியிருந்தாலும் யாருக்கும் தெரியாது. நூறு நாள் அட்டையில் குடும்பம் மொத்தமும் ஒரே படத்தில் நிற்கும். ஒவ்வொரு முகமும் கடுகளவு. தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில், 1993-ல் வந்த அட்டை இது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் மாற்று எதற்கு?

உப்பனாறு:
அட்டை வாங்காதவர்களுக்காக அந்தப் பட்டியல் இல்லை சார். வாங்கித் தொலைத்தவர்களுக்காக. நம் கடலோரத்தில் 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் தண்ணீர் புகுந்த வீட்டில் முதலில் ஊறிப்போவது டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும் காகிதக்கட்டுதான். மறு அட்டைக்குப் படிவம் 8 போட்டால் தபாலில் வரும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். நாளை மறுநாள் தேர்தல் என்றால் அவர் என்ன செய்வார்?

இன்னொன்று. அந்த 12-ல் இந்தியப் பதிவாளர் ஜெனரல் கொடுத்த ஸ்மார்ட் கார்டு என்று ஒன்று இருக்கிறது. பலருக்கு அது எதுவென்றே தெரியாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோர ஊர்களில் வசிப்பவர்களுக்குக் கொடுத்த அட்டை அது. நம் மீனவர் வீடுகளில் இருக்கும். நீங்கள் எடுக்கச் சொல்வது அதையும் சேர்த்துத்தான்.

மஞ்சக்குப்பம்:
இரண்டு பேருமே அட்டையை மட்டும் பார்க்கிறீர்கள். மேஜையில் நடப்பதைச் சொல்கிறேன்.

முதல் அலுவலர் கையில் இருப்பது படத்தோடு கூடிய வாக்காளர் பட்டியல். வருபவரின் வரிசை எண்ணையும் பெயரையும் அவர் சத்தமாகப் படிக்க வேண்டும். பூத் ஏஜென்டுகள் காதில் விழவேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு பட்டியலில் அந்தப் பெட்டிக்குக் குறுக்கே ஒரு கோடு, பெண் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும். இரண்டாம் அலுவலர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ஓட்டுப் போட வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, சீட்டுக் கொடுப்பார். வாக்காளர் அட்டை காட்டினால் குறிப்புப் பத்தியில் அதைக் குறிக்கும் எழுத்து, வேறு ஆவணம் என்றால் அதன் கடைசி நான்கு இலக்கம். மூன்றாம் அலுவலர் சீட்டை வாங்கிக்கொண்டு, விரலில் மை அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவார்.

இப்போது நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 2025 முதல் ஒரு பூத்துக்கு 1200 வாக்காளருக்கு மேல் இல்லை என்றார்கள். புதுச்சேரி மாதிரி 80 சதவீதம் வந்தால் 960 பேர். காலை 7 முதல் மாலை 6 வரை 11 மணி நேரம், அதாவது 39,600 விநாடி. ஒருவருக்கு 41 விநாடி. இதற்குள் முகம், படம், எண், பெயர். அட்டை நல்லதா கெட்டதா என்பதைவிட, படித்த பெயரைக் கேட்டு "அவர் செத்து இரண்டு வருஷம் ஆச்சே" என்று சொல்ல ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் பெரிது.

கெடிலக்கரை:
41 விநாடிதான் என்பது என் வாதத்துக்குத்தானே பலம்? ஒரே வகை அட்டை என்றால் கண் பழகிவிடும். 12 வகை என்றால் ஒவ்வொன்றிலும் பெயர் எங்கே, படம் எங்கே, ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று தேட வேண்டும். ஏஜென்டை நம்பச் சொல்கிறீர்கள். மாலை நாலு மணிக்குமேல் சின்னக் கட்சிகளின் ஏஜென்ட் நாற்காலி காலி. சுயேச்சைக்கு ஏஜென்டே கிடையாது. அந்த நேரத்தில் காவல் அந்த அட்டை மட்டும்தான்.

பாகூர் ஏரி:
நான் கெடிலக்கரை பக்கம், ஆனால் காரணம் வேறு. புதுச்சேரியும் கடலூரும் பின்னிக் கிடக்கிற நிலம். கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் ரெட்டிச்சாவடி, அது தமிழ்நாடு. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் சொந்த ஊர். இரண்டு பக்கமும் பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு. 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19, இரண்டு தடவையும் இரு பக்கமும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. ஒரே அட்டை என்று இறுக்கினால் இது நிற்கும்.

பிரான்சில் 1000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் அடையாளம் காட்டாமல் ஓட்டே கிடையாது. நம் ஊர்ப் பிரெஞ்சுக் குடிமக்கள் இதை நன்றாக அறிவார்கள். அங்கே யாரும் இதை அநியாயம் என்பதில்லை.

உப்பனாறு:
பாகூர் ஏரி, நீங்கள் சொன்ன இரட்டைப் பதிவை அட்டை நிறுத்தவே நிறுத்தாது. கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஆளிடம் பாகூர் அட்டையும் இருக்கிறது, கடலூர் அட்டையும் இருக்கிறது. இரண்டும் அசல். இரண்டிலும் அவர் முகம். இரண்டு பட்டியலிலும் அவர் பெயர். முதல் அலுவலர் எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தாலும் "சரி" என்றுதான் சொல்வார். அவரை நிறுத்தும் ஒரே பொருள் விரல் மை. நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை இழுக்கச் சொல்வது அதனால்தான். நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் இறங்கிய வெள்ளி நைட்ரேட் கறை நகம் வளர்ந்து வெளியேறும்வரை போகாது. அவசரத்தில் ஒரு பொட்டு மட்டும் வைத்துவிட்டு, காயும் முன்பே ஆளை அனுப்பினால்தான் துடைத்துக்கொண்டு போவான். கண்டிப்பு வேண்டியது அங்கே.

பிரான்சைச் சொன்னீர்கள். இங்கிலாந்தையும் பாருங்கள். 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் முதல்முறையாகப் பட அட்டை கட்டாயம். சுமார் 14,000 பேர் பூத் வரை வந்து ஓட்டுப் போடாமலே போனார்கள், வந்தவர்களில் 0.25 சதவீதம். முதியவர் பஸ் பாஸ் செல்லும், இளைஞர் ரயில் கார்டு செல்லாது என்று பட்டியல் போட்டார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே யார் உள்ளே, யார் வெளியே என்பது முடிவாகிவிடுகிறது.

கெடிலக்கரை:
0.25 சதவீதம் என்றால் 99.75 சதவீதம் போட்டிருக்கிறார்கள். அதையும் சொல்லுங்கள்.

உப்பனாறு:
2008 சட்டமன்றத் தேர்தலில் ராஜஸ்தான் நாத்துவாராவில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். 0.25 சதவீதம் சின்ன எண் இல்லை.

மஞ்சக்குப்பம்:
அதே நாத்துவாரா வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே விவாதமே டெண்டர் ஓட்டுகளைப் பற்றித்தான். உங்கள் பெயரில் முன்பே யாரோ போட்டுவிட்டால், நீங்கள்தான் அசல் ஆள் என்று பூத்தின் தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால், 49பி (49P) விதியில் காகித வாக்குச்சீட்டு கொடுப்பார்கள். 17பி படிவத்தில் கையெழுத்து. மிஷினில் விழாது, தனி உறையில் போகும், எண்ணிக்கை அன்று எண்ணமாட்டார்கள். நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். ஆகவே ஓட்டுப் போய்விட்டதே என்று பேசாமல் திரும்பிவிடாதீர்கள். 49பி என்று கேட்டு வாங்குங்கள். எத்தனை ஆள்மாறாட்டம் நடந்தது என்பதற்கு அதுதான் எழுத்து ஆதாரம்.

புதுவாக்காளர்:
ஒரு சந்தேகம் அண்ணா. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி "சேலஞ்ச் ஓட்டு" போடலாம், 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

மஞ்சக்குப்பம்:
இரண்டும் பொய் தம்பி. பட்டியலில் பெயர் இல்லை என்றால் உலகத்தில் உள்ள எல்லா அட்டையையும் கொண்டுவந்தாலும் ஓட்டு இல்லை. சேலஞ்ச் என்பது வாக்காளருக்கு உள்ள வசதி இல்லை. வந்தவர் அந்த ஆள் இல்லை என்று ஏஜென்ட் எழுப்பும் ஆட்சேபம், 49ஜே விதி. இரண்டு ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். நிரூபணமானால் வந்தவரைப் போலீசில் ஒப்படைப்பார், இல்லையென்றால் ஓட்டுப் போட விடுவார். வேண்டுமென்றே தொல்லை கொடுக்கத்தான் எழுப்பினார் என்று தெரிந்தால் அந்த இரண்டு ரூபாய் போய்விடும். 14 சதவீதம் என்று எந்த விதியிலும் இல்லை.

பூத் ஸ்லிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் அது அடையாள ஆவணம் இல்லை, 2021-லிருந்து அதில் படமும் கிடையாது. வரிசை எண் தேட மட்டும்தான். ரேஷன் ஸ்மார்ட் கார்டும் பட்டியலில் இல்லை. நம் பக்கம் வாசலில் இருந்து திரும்பிப் போகிறவர்களில் நிறைய பேர் அதைத்தான் கொண்டுவருகிறார்கள்.

பாகூர் ஏரி:
சரி, மை என்பதை ஏற்கிறேன். ஆனால் அட்டை வேண்டாம் என்றால் ஆதார் கைரேகை வைக்கலாமே? ரேஷன் கடையில் வைக்கிறோம் இல்லையா. இரட்டை ஆள் அந்த விநாடியே மாட்டுவான்.

உப்பனாறு:
பண்ருட்டிக்குப் போய் முந்திரி உடைக்கிற பெண்களின் விரலைப் பாருங்கள். கொட்டைத் தோலில் இருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, கருத்து, ரேகையே வழவழவென்று ஆகியிருக்கும். ரேஷன் கடையிலேயே நாலு விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டுக் கருவிழிக்குப் போகிறார்கள். அரிசி என்றால் நாளைக்கு வரலாம். ஓட்டுக்கு நாளை கிடையாது. 41 விநாடியில் எந்த விரலை எத்தனை முறை வைப்பீர்கள்?

சட்டத்திலும் அப்படி இல்லை. 2021 தேர்தல் சட்டத் திருத்தத்தில்கூட ஆதார் எண் தரமுடியவில்லை என்பதற்காக யாருடைய பெயரையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது.

கெடிலக்கரை:
கைரேகை வேண்டாம், அதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் 2025 நவம்பர் 4-ல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்கள் சுமார் 27 லட்சம், இடம் மாறியவர்களும் வீட்டில் இல்லாதவர்களும் 66 லட்சம், இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்கு மேல். இத்தனை பெயர் பட்டியலில் சும்மா கிடந்த காலத்தில் நம்மைக் காப்பாற்றியது வாசலில் அட்டை கேட்டதுதான்.

உப்பனாறு:
அதே எண்ணை நான் வேறு மாதிரி படிக்கிறேன். அழுக்கு பட்டியலில் இருந்தது, வாசலில் இல்லை. ஒரே முகம் உள்ள பதிவுகளையும், பெயர், வயது ஒத்துப்போகும் பதிவுகளையும் மென்பொருள் பிரித்துக் காட்டும். பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் அது நீங்கும். வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டுப் போனால், முந்திரி வேலைக்குப் போன பெண் "இடம் மாறியவர்" ஆகிவிடுவார். அந்தப் பெண்ணிடம் உங்கள் அட்டை பத்திரமாக இருக்கும். பெயர் இருக்காது.

மஞ்சக்குப்பம்:
இறந்தவர், இடம் மாறியவர், இல்லாதவர் என்று ஏ.எஸ்.டி. பட்டியல் ஒன்று தலைமை அலுவலர் மேஜையில் இருக்கும். அதில் உள்ள பெயருக்கு ஆள் வந்தால் ஆவணம் கண்டிப்பாகப் பார்த்து, 17ஏ-யில் கையெழுத்தோடு கைநாட்டும் வாங்கி, உறுதிமொழி எழுதி வாங்கி, படமும் எடுக்கிறார்கள். சந்தேகம் உள்ள இடத்தில் இறுக்கம், மற்ற இடத்தில் 12 ஆவணம். கெடிலக்கரை கேட்கும் கண்டிப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஏஜென்டுகள் அந்தப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே பாதி வேலை முடியும்.

கெடிலக்கரை:
பாஸ்புக்கையும் குடும்பப் படம் போட்ட நூறு நாள் அட்டையையும் எடுத்துவிட்டு மற்றதை வைக்கலாம். அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

உப்பனாறு:
பாஸ்புக்கை எடுத்தால் மீனவர் பயோமெட்ரிக் அட்டையைச் சேருங்கள். கடலுக்குப் போகிறவர் சட்டைப்பையில் இருப்பது அதுதான். அதில் படமும் இருக்கிறது, ஆனால் 12-ல் அது இல்லை.

கெடிலக்கரை:
அதைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.