ரிலே வைத்தும் மதியத்தில் லிங்க் அறுகிறது: 2 கி.மீ. லேசர் இணைப்பு, வேளச்சேரி

மொட்டைமாடி_1550:
மாடிக்கு மாடி 2 கி.மீ. லிங்க். 1550 நானோமீட்டர், 100 எம்பிபிஎஸ், ஆன்-ஆஃப் கீயிங் (ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0), ரிசீவர் லென்ஸ் 2.5 செ.மீ. டிகோட் செய்து மறுபடி அனுப்பும் ரிலே ஒன்று, மாடி கிடைத்தது அங்கேதான் என்பதால் 600 மீட்டரில் நிற்கிறது. காலை 7 மணிக்குச் சுத்தமாக ஓடுகிறது. 12 மணிக்கு மேல் விட்டு விட்டுப் போகிறது. எங்கே தப்பு?

கிண்டி_ஆப்டிக்ஸ்:
ரிலே நிற்கிற இடம்தான். ரைட்டோவ் வேரியன்ஸ், அதாவது காற்றின் கொந்தளிப்பால் ஒளி எவ்வளவு சிமிட்டும் என்பதன் அளவு, தூரத்தின் 11/6 அடுக்கில் ஏறும். மதிய சிஎன்² (காற்றுக் கொந்தளிப்பின் பலம்) 5×10⁻¹⁴ என்று வையுங்கள்: வேரியன்ஸ் 2 கி.மீ.க்குச் சுமார் 3.5, உங்கள் 600 மீட்டருக்கு 0.4, மிச்சம் 1400க்கு 1.85. டிகோட் ரிலேயில் நீளமான ஹாப் (ஒரு மாடியிலிருந்து அடுத்ததற்கான பாய்ச்சல்) விழுந்தால் எல்லாம் விழுந்தது. குட்டி ஹாப் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. நட்டநடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் 1.0. லென்ஸும் சின்னது. 1 கி.மீ.க்கு அலைநீளம் × தூரத்தின் வர்க்கமூலம் 4 செ.மீ.; 8 முதல் 10 செ.மீ. லென்ஸ் போட்டால்தான் சிமிட்டல் சராசரியாகும்.

மொட்டைமாடி_1550:
சிமுலேஷனில் 1000/1000 வைத்துப் பார்த்தேன் சார், பிட் பிழை கர்வ் அசையவே இல்லை. சிமிட்டலுக்கு லாக்-நார்மல் பரவல், வேரியன்ஸ் 1.0.

கிண்டி_ஆப்டிக்ஸ்:
எதற்கு 1.0? அது ஒளிச்செறிவின் லாகுக்கான மதிப்பு. நீங்கள் போட வேண்டியது லாக்-ஆம்ப்ளிட்யூடுக்கு (ஒளி அலை வீச்சின் லாகுக்கு), அதாவது 4ஆல் வகுத்து 0.25. அப்படியே 1.0 போட்டால் சிமிட்டல் குறியீடு (ஒளிச்செறிவு சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடுகிறது என்பது) 53ஐத் தாண்டும், அப்படி ஒரு காற்று எந்த ஊரிலும் இல்லை. 0.25 போட்டால் 1.7 வரும். லாக்-ஆம்ப்ளிட்யூடின் சராசரியை −0.25 ஆக வையுங்கள். பூஜ்யமாக விட்டால் காற்றே 1.65 மடங்கு ஒளியை இலவசமாகத் தரும்! ரிலே இல்லாத 2 கி.மீ. கர்வுக்கு லாக்-நார்மல் ஆகாது, பலத்த கொந்தளிப்புக்கும் பொருந்தும் காமா-காமா பரவலை எடுங்கள்.

பறங்கிமலை_ஆர்எஃப்:
மாடியையும் பாருங்க. கற்றை கைப்பிடிச் சுவரை உரசியோ, ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலேயோ போனால் மேலே சொன்ன சிஎன்² எல்லாம் செல்லாது, சுட்ட கான்கிரீட்டுக்கு மேல் இன்னும் எகிறும். கம்பத்தை உயர்த்துங்க. ரிசீவர் பவரை நொடிக்கு 1000 சாம்பிளாவது பதிவு பண்ணுங்க: மில்லிசெகண்டில் குதித்தால் கொந்தளிப்பு, நிமிடக்கணக்கில் சரிந்தால் வெயிலில் மவுண்ட் நகர்கிறது, அதை ரிலே சரிபண்ணாது. 5 மில்லிசெகண்ட் மங்கலில் 5 லட்சம் பிட் போய்விடும், அதனால் இன்டர்லீவர் (பிட்களைக் கலைத்துப் பரப்பி அனுப்புவது) அதைவிட நீளமாக இல்லாத பிழைதிருத்தக் கோடு வீண்.