மயில், பெருச்சாளி, வெளிப்பூனைகள்: யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். திருவையாற்றுக்கு அருகே குடமுருட்டிக் கரையை ஒட்டிய எங்கள் கொல்லையில், இரவில் பெருச்சாளிகள் சேப்பங்கிழங்குப் பாத்திகளைத் தோண்டிவிடுகின்றன. விடிந்ததும் மயில்கள் வந்து கீரை நாற்றைக் கொத்துகின்றன. வைக்கோல்போரடியில் வாழும் பூனைகள் சுண்டெலிகளைப் பிடிக்கின்றனவே தவிர, பெருச்சாளியைக் கண்டால் ஒதுங்கிவிடுகின்றன (அவற்றைக் குறை சொல்ல மனமில்லை). புரோமாடியோலோன் போன்ற எலி மருந்தைத் தின்ற எலியைப் பூனை உண்டால் அந்த நஞ்சு பூனையையும் தாக்கும் என்பதாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருப்பதாலும், மருந்து, கண்ணி இரண்டையும் விலக்கிவிட்டோம். பழைய மீன்வலையைப் பாத்தியின்மேல் கட்டலாமென்றால், பூனைக்குட்டிகள் சிக்கிக்கொள்ளுமோ என்று அஞ்சுகிறோம். எந்த உயிருக்கும் தீங்கு நேராத வேலி அமைப்பை டெல்டாப் பகுதியில் கையாண்டு பலன் கண்டவர்கள், பயன்படுத்திய பொருளையும் ஆன செலவையும் குறிப்பிட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும். பூனைகளை வேறிடத்தில் விடச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம்.