ஒரே நாளில் புல்வெட்டு, கடை வேலை, சாயங்காலம் கரி அடுப்பில் கோழி: எதை முதலில் தொடங்குவது?

செம்பருத்தி22 (கேள்வி):
லீவு நாள் ஒன்றுதான் கையில் இருக்கு. 150 சதுர மீட்டர் புல்தரையை வெட்டணும், வேலியோரச் செடிகளைக் கழிக்கணும். கடையில் பெட்ரோல், கரி, கோழி வாங்கணும். சாயங்காலம் 7 மணிக்கு ஆறு பேருக்குக் கோழி சுடணும்.

புல் இப்போ 12 செ.மீ. வளர்ந்து நிற்குது. காலையிலேயே முடிச்சிடலாம்னு 7 மணிக்கு வெட்டினா கட்டி கட்டியா விழுது, ரெண்டு நாளில் நுனியெல்லாம் வெளுத்துப் போகுது. கோழியில் தோல் கருகிடுது, எலும்புப் பக்கம் வேகலை. அடுப்பு மூடி போட்ட உருண்டை வகை, 55 செ.மீ. விட்டம். தொடையோடு சேர்ந்த கால் துண்டு ஆறு, மொத்தம் 1.8 கிலோ. வேலைகளை எந்த வரிசையில் வைக்கணும்? தப்பு எங்கே நடக்குது?

வேலிக்கால்:
காலை 7 மணிக்குப் புல்லில் கைவைக்கிறதுதான் முதல் தப்பு. பனி காயாத புல் பிளேடில் ஒட்டும், மூவரின் (புல் வெட்டுற இயந்திரம்) அடித்தட்டில் அப்பிக்கும், பிறகு மொத்தமாகக் கட்டியாக விழும். அந்தக் கட்டியை அப்படியே விட்டால் அடியில் இருக்கும் புல் மஞ்சளாகும். பனி காயுற நேரத்தைக் கடைக்குக் கொடுங்க. கோழிக்கும் அதுதான் நல்லது, ஏன்னா உப்பு உள்ளே இறங்க நாலைந்து மணி நேரமாவது வேணும்.

கடையில் கரி, மற்ற சாமான் முதலில். பெட்ரோலும் கோழியும் கடைசி. பெட்ரோல் கேனை வண்டிக்குள்ளே வச்சுக்கிட்டே நிரப்பாதீங்க, கீழே தரையில் இறக்கி வச்சு நிரப்பணும். வண்டிக்குள் விரிப்பு மேல் இருக்கும்போது கேனில் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டலாம். கோழியை ஐஸ் பெட்டியில் வைங்க. குளிர் இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் பச்சைக் கறி இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரி தாண்டினா 1 மணி நேரம்தான் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் அலசாமல் (தெறிக்கிற தண்ணீர்தான் கிருமியைச் சமையல் மேடை முழுக்கப் பரப்பும்) தாளால் ஒற்றி ஈரத்தை எடுங்க. உப்பு, கறி எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு. உங்க 1.8 கிலோவுக்கு 18 கிராம். தூள் உப்புன்னா தலை தட்டின 3 தேக்கரண்டி. எல்லாப் பக்கமும் தேய்ச்சு, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைங்க. தோல் உலர்ந்தால்தான் மொறுமொறுன்னு வரும். முடிஞ்சா முந்தின நாள் ராத்திரியே செய்வது இன்னும் நல்லது.

இதெல்லாம் முடிய மணி 10 ஆகும், புல்லும் காய்ஞ்சிருக்கும். செடி கழிக்கிறதை முதலில் செய்ங்க, புல் வெட்டுறது அடுத்து. மாத்திச் செஞ்சா வெட்டின தரை மேலேயே குச்சி விழுந்து, ரெண்டாவது தடவை பெருக்கணும். வேலியில் அரளி இருந்தால் அந்தக் குச்சியை அடுப்பில் போடாதீங்க, கறி குத்தவும் எடுக்காதீங்க. அது முழுக்க விஷம், புகையும் சேர்த்துத்தான்.

பழைய_ஸ்பேனர்:
நுனி வெளுக்குறது பனியால் இல்லை, பிளேடு மொட்டை. ஒரு புல்லைப் பிடுங்கி வெட்டு வாயைக் கிட்டத்தில் பாருங்க. கத்தரிச்ச மாதிரி நேராக இருக்கணும். நார் நாராகக் கிழிஞ்சு தொங்கினால் சாணை பிடிக்க வேண்டிய நேரம்.

பெட்ரோல் மூவர்னா முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழட்டித் தள்ளி வைங்க, பேட்டரி வகைன்னா பேட்டரியை உருவிடுங்க. கையால் பிளேடைச் சுத்தினாலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகலாம். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே வரணும். கீழே போனால் ஆயில் ஃபில்டரில் இறங்கி, அடுத்த ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை தள்ளும். பிளேடும் அடித்தட்டும் முட்டுற இடத்தில் ஒரு கட்டையைக் கொடுத்து போல்ட்டைக் கழட்டுங்க. கழட்டும் முன்னே தரையைப் பார்க்கிற பக்கத்தில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டுக்கங்க. தலைகீழாக மாட்டிட்டு ‘புல்லே வெட்ட மாட்டேங்குது’ன்னு கேட்கிறவங்க நிறைய.

அரத்தை ஒரே திசையில் தள்ளுங்க, ஏற்கெனவே இருக்கும் சாய்வு மாறக் கூடாது (பெரும்பாலும் 30 டிகிரி). சவரக்கத்தி கூர்மை வேண்டாம், மெல்லிசா தீட்டினால் ஒரு கல் பட்டதும் மடங்கிடும். ரெண்டு முனையிலும் எண்ணி ஒரே அளவு தள்ளணும். பிறகு நடு ஓட்டையைச் சுவரில் அடிச்ச ஆணியில் மாட்டிப் பாருங்க. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம், அங்கே இன்னும் கொஞ்சம் அராவுங்க. சமநிலை இல்லாத பிளேடு கைப்பிடி நடுங்க ஓடும், நாளடைவில் பேரிங்கைத் தின்னும்.

உயரம்: ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீங்க. 12 செ.மீ. நின்னா இன்னிக்கு 8 செ.மீ. போதும், நாலு நாள் கழிச்சு 6. ஒரேயடியாக 4 செ.மீ.க்கு இறக்கினா, பச்சை போய் தண்டு மட்டும்தான் நிற்கும்.

எரிபொருளில் ஒரு குழப்பம் வரும். 4 ஸ்ட்ரோக் மூவருக்கு வெறும் பெட்ரோல். தோளில் மாட்டுற 2 ஸ்ட்ரோக் புல்வெட்டிக்கு 50:1 கலவைன்னு கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில். ரெண்டு கேனிலும் பெரிசா எழுதி ஒட்டுங்க. ஆயில் கலக்காததை 2 ஸ்ட்ரோக்கில் ஊத்தினா பிஸ்டன் சிக்கிக்கும், அதுக்கு அப்புறம் அதைத் தூக்கிப் போடத்தான் வேணும். பாதியில் பெட்ரோல் தீர்ந்தால் எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து ஊத்துங்க.

செம்பருத்தி22:
ரொம்ப நன்றி. பிளேடைப் பார்த்தேன், நார் நாராத்தான் இருக்கு. கரி பத்த வைக்கிற சிம்னி என்கிட்ட இல்லை, தகர டப்பாவில் ஓட்டை போட்டுக்கலாமா? கரியை அடுப்பு முழுக்கப் பரப்பித்தான் சுடறேன், அதில் ஏதாவது பிரச்சினையா?

நீறுபூத்த:
பிரச்சினையே அதுதான். கங்கு முழுக்கப் பரவியிருந்தா கறிக்கு ஒதுங்க இடம் இல்லை. கால் துண்டு வேக முக்கால் மணி நேரம் வேணும், நேர் நெருப்பில் தோல் கருக 5 நிமிஷம் போதும். கரியை ஒரே பக்கம் ஒதுக்குங்க, மறு பாதி காலியா இருக்கட்டும்.

தகர டப்பா வேண்டாம், துத்தநாகம் பூசியிருந்தால் சூட்டில் வரும் புகை உடம்புக்கு ஆகாது. சிம்னி இல்லாமலே ஆகும். கீழ்க் காற்றுத் துளையை முழுக்கத் திறந்து, முறுக்கின காகிதம் நாலைந்தை நடுவில் வச்சு, மேலே 2 கிலோ கரியைக் கூம்பாக அடுக்கிப் பத்த வைங்க. 25 நிமிஷத்தில் ஓரம் எல்லாம் வெள்ளையாக நீறு பூக்கும். கரியில் கறுப்பு முனை இன்னும் தெரிஞ்சா கறியை வைக்காதீங்க, அந்தப் புகைதான் கசப்பு. பத்தலைன்னு காலையில் வாங்கின பெட்ரோலைத் தொடவே கூடாது. அதன் ஆவி கங்கு வரைக்கும் போய் மொத்தமாகக் குப்புன்னு பிடிக்கும், கையில் இருக்கும் கேனோடு. கரி மூட்டை ஈரத் தரையில் இருந்தால் படபடன்னு வெடிக்கும், நேரமும் ரெட்டிப்பாகும்.

7 மணிக்குப் பரிமாறணும்னா 5:20க்குப் பத்த வைங்க. 5:45க்குக் கங்கை ஒதுக்கி, கம்பி வலையை வச்சு, மூடி போட்டு 10 நிமிஷம் சூடேத்துங்க. சூடான வலையைத் தேய்ச்சு, எண்ணெய் தொட்ட துணியை இடுக்கியில் பிடிச்சு ஒரு தடவு. கோழியைக் காலிப் பாதியில், தோல் மேலே, தடிச்ச தொடைப்பக்கம் கங்கைப் பார்த்து வைங்க. மூடியில் இருக்கும் காற்றுத் துளை கோழிக்கு நேர் மேலே வந்தால் சூடு கறியைத் தாண்டித்தான் வெளியே போகும். அந்தத் துளை முழுக்கத் திறந்து, கீழ்த் துளை பாதி. உள்ளே 180 முதல் 200 டிகிரி நிற்கணும்.

முதல் 20 நிமிஷம் மூடியைத் தூக்காதீங்க. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு போகுது, காற்று புகுந்து கங்கு கிளம்புது. பிறகு இடம் மாத்திவிட்டு இன்னும் 20 நிமிஷம்.

எலும்பருகே சிவப்பு இருக்கிறதை வச்சு வேகலைன்னு முடிவு கட்டாதீங்க. இளங்கோழியில் எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிஞ்சு, நல்லா வெந்த பிறகும் சிவப்பாத் தெரியும். நிறத்தைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை நம்புங்க. முனை எலும்பில் படாமல் தொடையின் தடிச்ச இடத்தில் குத்தணும். 74 டிகிரி வந்தால் சாப்பிடலாம். ஆனால் கால் கறிக்கு 80-82 வரை விடுங்க, ஜவ்வு இளகி எலும்பை விட்டுக் கழண்டு வரும். கடைசியா கங்கு மேலே தோல் கீழே 2 நிமிஷம், கண்ணை எடுக்காமல். இனிப்பான சாஸ் தடவணும்னா கடைசி 5 நிமிஷத்தில்தான். சர்க்கரை சீக்கிரம் கருகும்.

கொழுப்பு சொட்டித் தீ எழும்பினா தண்ணீர் தெளிக்காதீங்க, சாம்பல் கறி மேல் பறக்கும். துண்டைக் காலிப் பாதிக்கு இழுத்து மூடியைப் போடுங்க, அடங்கிடும்.

வேலிக்கால்:
நல்ல விளக்கம். வலை தேய்க்கிற இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை: கம்பி பிரஷ்னா தேய்ச்ச பிறகு வலையை ஒரு தடவை உத்துப் பாருங்க. உதிர்ந்த கம்பி முடி கறியில் ஒட்டித் தொண்டையில் குத்தினவங்க உண்டு. பந்து மாதிரி கசக்கின அலுமினியத் தாளே போதும்.

அடுப்பு வைக்கிற இடத்தைச் சுத்தி 3 மீட்டருக்கு வெட்டின புல்லை வாரிடுங்க, பத்து மணிக்கு வெட்டினது சாயங்காலத்துக்குள் காய்ஞ்சு சருகாகியிருக்கும். வாரினதைக் குவியலாகப் போட்டால் உள்ளே சூடேறி நாறும். ஒரு பங்கு புல்லுக்கு ரெண்டு பங்கு காய்ஞ்ச இலைன்னு மாத்தி மாத்தி அடுக்குங்க.

சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டு காற்றுத் துளையையும் அடைச்சு மூடியைப் போடுங்க, மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். மழை வந்தால் கூட அடுப்பைக் கார் ஷெட்டுக்குள்ளோ வராந்தாவுக்குள்ளோ தள்ளாதீங்க, அணைஞ்ச மாதிரி இருக்கும் கங்கு கார்பன் மோனாக்சைடை விட்டுக்கிட்டே இருக்கும், வாசனையே வராது. சாம்பலை ரெண்டு நாள் ஆற விட்டு, மூடி உள்ள இரும்பு வாளியில்தான் கொட்டணும், பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் இல்லை.