புதுப்பிப்பு: தாழ்வான காரை ஃபெர்ரியில் ஏற்றும்போது அடி உரசாமல் இருக்க எது உதவியது

தரையோடு ஒட்டிய என் காரை ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியில் ஏற்றினால் சாய்தளத்தில் பம்பர் இடிக்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கார் பத்திரமாக அக்கரை சேர்ந்துவிட்டது.

கைகொடுத்தது, நேராக ஏறாமல் சற்றுக் குறுக்காக ஏறச் சொன்ன யோசனைதான். முன்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியதால் பம்பருக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி கிடைத்தது. உடன் வந்தவர்களைப் பெட்டிகளோடு முன்பே இறக்கிவிட்டதும் உதவியது. குறுக்காக ஏறப் போவதை ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; எனக்கு அவர் பக்கத்து வரிசையை நிறுத்தி இடம் தந்தார்.

எதிர்பாராதது இறங்கும்போது நடந்தது. எனக்கு முன்னால் நின்ற லாரி கரையேறியதும் பாரம் குறைந்து படகு மேலெழுந்தது. சாய்தளத்தின் சரிவும் கூடிவிட்டது. ஏறும்போது இல்லாத உரசல் சத்தம் அப்போது கேட்டது. நெஞ்சு பதறிவிட்டது. குனிந்து பார்த்தால் பம்பரின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் இறங்கும்போதும் குறுக்காகவே இறங்குங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் நிறுத்தியிருந்தேன். படகு ஆடியும் கார் அசையவில்லை. சாய்வை உணரும் திருட்டு எச்சரிக்கை மணி இருந்தால் அணைத்துவிடுங்கள். பக்கத்துக் கார் நடு ஆற்றில் அலறத் தொடங்க, அதன் உரிமையாளர் மேல்தளத்திலிருந்து ஓடிவந்தார்.