‘லுக் ஃபார்வர்ட் டு’வுக்கு அப்புறம் மீட்டா, மீட்டிங்கா? அவசரம்

மார்த்தாண்டம் தேன்பெட்டி:
ஆங்கிலக் கடிதத்தின் கடைசி வரி இடிக்கிறது. மீட் என்று அடித்தால் ஃபோன் கோடு போடுகிறது. மீட்டிங் என்றால் கூட்டம் என்று ஆகிவிடாதா? சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

குழித்துறைக்காரன்:
முழு வாக்கியம் என்ன? யாருக்கு எழுதுகிறீர்கள்?

தக்கலை தம்பி:
‘டு’ வந்தால் வினையின் முதல் வடிவம்தான். வான்ட் டு மீட், ஹோப் டு மீட். மீட் போடுங்கள் அண்ணா.

நாகர்கோவில் வாத்தியார்:
அடிப்படை தெரியாமல் பதில் சொல்ல வராதே, தம்பி. இங்கே ‘டு’ முன்னிடைச்சொல். அதன் பின்னால் பெயர்தான் நிற்கும். வினை வந்தால் ‘இங்’ சேர்த்துப் பெயராக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பாடம் இது.

தோவாளை அக்கா:
தம்பியைக் கோபிக்காதீர்கள் சார், எல்லோரும் தடுக்கும் இடம்தான். தமிழில் சொல்லிப் பார்த்தால் போதும். ‘சந்திக்க விரும்புகிறேன்’, இது வான்ட் டு மீட். ‘சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்’ என்னும்போது ‘சந்திப்பது’ தொழிற்பெயர், அதனால்தான் ‘ஐ’ உருபு ஏறுகிறது. அந்த வேலையைத்தான் மீட்டிங் செய்கிறது. சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ‘இட்’ வையுங்கள். லுக் ஃபார்வர்ட் டு இட் நிற்கும், வான்ட் டு இட் நிற்காது. நின்றால் ‘இங்’.

தக்கலை தம்பி:
அப்போ யூஸ்ட் டு கோ தப்பா அக்கா?

தோவாளை அக்கா:
தப்பில்லை, அதுவும் சரிதான். ஐ யூஸ்ட் டு கோ என்றால் முன்பெல்லாம் போவேன். ஐ ஆம் யூஸ்ட் டு கோயிங் என்றால் போய்ப் பழகிவிட்டது. இரண்டும் வேறு.

குழித்துறைக்காரன்:
ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் என்றும் எழுதலாம். பழகியவர்களுக்கு அது, வியாபாரக் கடிதத்துக்கு ஐ லுக்.

நாகர்கோவில் வாத்தியார்:
முடிவில் ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’, அதாவது ஆவன செய்யுங்கள் என்று சேர்த்தால் மரியாதை.

கொல்லங்கோடு கடலோரம்:
வேண்டாம் சார். வெளிநாட்டு மேலாளருக்கு அப்படி எழுதினேன், என்ன செய்ய வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்.

நாகர்கோவில் வாத்தியார்:
அது தவறல்ல. பிரிட்டிஷ்காரர்களே எழுதிய பழைய வழக்கு. நம் ஆபீஸ் கடிதங்களில் இன்றும் இருக்கிறது.

கொல்லங்கோடு கடலோரம்:
தவறு என்று சொல்லவில்லையே. வாசிப்பவருக்கு விளங்க வேண்டும். விலை வேண்டுமானால் விலையைச் சொல்லுங்கள் என்றே எழுதலாம்.

குழித்துறைக்காரன்:
கேட்டவர் எங்கே? அந்த வாக்கியத்தை இன்னும் போடவில்லை.

மார்த்தாண்டம் தேன்பெட்டி:
மன்னிக்கவும், தோட்டத்தில் சிக்னல் இல்லை. துபாயில் கடை வைத்திருப்பவர், ரப்பர் தோட்டத்தில் எடுக்கும் ரப்பர் தேன் பார்க்க வருகிறார். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ இன் மார்த்தாண்டம்’ என்று அனுப்பிவிட்டேன். நன்றி அக்கா.

குழித்துறைக்காரன்:
ரப்பர் தேன் சீக்கிரம் உறையுமே. அதை அவருக்கு எழுதினீர்களா?