ஏலம் கூப்பிட்டால் மூன்று லாரி மட்டும் மறுத்துக்கொண்டே இருக்கிறது

ரோஸ்ஹில்_கரும்பு:
வணக்கம். வீட்டில் கிரியோல்தான், எழுத்துத் தமிழ் பள்ளிக்கூடத்தோடு நின்றது. பிழை பொறுக்கவும்.

மொரிஷியஸில் கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் லாரி பிடிக்க ஒரு சின்ன ஏஜென்ட் அமைப்பு (தாங்களே பேரம் பேசிக்கொள்ளும் மென்பொருள்கள்) செய்து பார்க்கிறேன். ஏஜென்டுகளுக்கு விதி வகுத்த ஃபிபா அமைப்பின் கான்ட்ராக்ட் நெட் என்ற ஏல முறை: தோட்ட ஏஜென்ட் சிஎஃப்பி (விலை கேட்கும் அழைப்பு) அனுப்பும், லாரி ஏஜென்டுகள் புரபோஸ் (விலை சொல்வது) அல்லது ரெஃப்யூஸ் (மறுப்பு) சொல்ல வேண்டும். மூன்று லாரி என் கணினியில், மூன்று, கூடப் படித்த நண்பனின் சென்னைக் கணினியில். என்னுடையவை உடனே விலை சொல்கின்றன. சென்னை மூன்றும் எப்போதும் ரெஃப்யூஸ். சுமையை ஒரு டன்னாகக் குறைத்தாலும் அதே பதில். கெடு ஐந்து நிமிடம். மெசேஜ் எழுதும் பகுதி ஜேட் (இதற்கான ஆயத்த மென்பொருள்) இல்லை, நானே பைத்தானில் எழுதியது.

டர்பன்வாசி:
ஆன்டாலஜி (மெசேஜில் வரும் சொற்களின் பொருளை வரையறுக்கும் பட்டியல்) பெயர் இரண்டு பக்கமும் ஒன்றுதானா? எனக்கு இதில் ஒரு வாரம் போனது.

காத்ர்போர்ன்_அக்கா:
பெயர் வேறாக இருந்தால் நாட்-அண்டர்ஸ்டுட் (புரியவில்லை) என்று வரும், ரெஃப்யூஸ் வராது. தம்பி, மெசேஜில் பதிலுக்கான கெடுவைச் சொல்லும் ரிப்ளை-பை வரியை அப்படியே ஒட்டு.

ரோஸ்ஹில்_கரும்பு:
20250512T100500000

காத்ர்போர்ன்_அக்கா:
கடைசியில் இசட் எங்கே? இசட் இருந்தால் யுடிசி (உலகப் பொது நேரம்), இல்லாவிட்டால் உள்ளூர் நேரம் என்பது ஃபிபா விதி. யார் ஊர் நேரம்? நமக்குப் பத்து மணி என்றால் சென்னையில் பதினொன்றரை. உன் மெசேஜ் போய் இறங்கும்போதே கெடு முடிந்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது! பாவம், அவன் லாரிகள் ஒழுங்காகத்தான் மறுக்கின்றன. நம் நேரத்தில் நான்கு மணி கழித்து, யுடிசியில் 060500000Z என்று அனுப்பு. அப்புறம், ரெஃப்யூஸில் காரணம் எழுத இடம் இருக்கிறது. நண்பனை அதை நிரப்பச் சொல். நிரப்பியிருந்தால் நீ இங்கே வந்திருக்கவே மாட்டாய்.

ரோஸ்ஹில்_கரும்பு:
அக்கா, ஆறும் விலை சொல்கின்றன! ஆனால் இப்போது ஒரே லாரியை இரண்டு தோட்டம் அக்செப்ட் செய்துவிட்டது.

காத்ர்போர்ன்_அக்கா:
ரீட் ஸ்மித் 1980இல் எழுதிய கான்ட்ராக்ட் நெட்டை வைத்து யார் ஆரம்பித்தாலும் இந்த இடத்தில் ஒருமுறை இடறுவார்கள். புரபோஸ் சொன்ன லாரி, அக்செப்டோ ரிஜெக்டோ வரும்வரை வேறு சிஎஃப்பிக்கு ரெஃப்யூஸ் சொல்லட்டும். கொஞ்ச நேரம் லாரி சும்மா நிற்கும்தான். ஆறு லாரிக்கு அது பரவாயில்லை. கெடுவை மட்டும் ஒரு நிமிடமாகக் குறை.

டர்பன்வாசி:
கெடு தாண்டியும் அக்செப்டோ ரிஜெக்டோ வராவிட்டால் லாரி தானாகவே விடுபடும்படியும் எழுதிவிடுங்கள். தோட்ட ஏஜென்ட் நடுவில் செத்துப்போனால் லாரி அங்கேயே நிற்கும்.